விக்டரியின் மஞ்சள் எந்த மஞ்சள்?

2015-ம் ஆண்டு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிற்கும் ஹெச்.எம்.எஸ். விக்டரி கப்பலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்போரில் அட்மிரல் நெல்சன் குண்டடிபட்டு உயிர்விட்ட கப்பல் அது. பல தலைமுறைகளாக அதன் பக்கவாட்டில் கறுப்புக்கு நடுவே ஆரஞ்சு கலந்த பளிச்சென்ற மஞ்சள் பட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. புதுப் பூச்சில் அந்த மஞ்சளைக் காணோம். வெளிறிப்போன, லேசாக இளஞ்சிவப்பு தட்டும் ஒரு சந்தன நிறம்தான் இருந்தது. நெல்சனின் கப்பல் பிங்க் நிறமா என்று ஊரே கேட்டது.

வேறெவரையும்விட இந்தச் செய்தி அதிகம் உறுத்தியது வீட்டில் மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்களைத்தான். உலகத்தில் மிக அதிகமாக மாதிரி செய்யப்பட்ட கப்பல்களில் விக்டரியும் ஒன்று. ஹெல்லர் நிறுவனத்தின் 1:100 பிளாஸ்டிக் பெட்டி, கால்டர்கிராஃப்டின் 1:72 மரப் பெட்டி என்று வாங்கி, மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். பெட்டியில் இருக்கும் நிறப் பட்டியலை நம்பித் தீட்டியவர்களின் அலமாரியில் ஒரே நாளில் ஒரு பழைய ஊகம் நின்றுகொண்டிருந்தது.

ஒரு பாய்மரக் கப்பலின் சரியான நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயின்ட் கடைக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய துப்பறியும் வேலை அது.

ஒரு கப்பல், மூன்று கோலங்கள்

அனுபவசாலிகள் "என்ன நிறம்?" என்று தொடங்குவதில்லை. "எந்த வருஷம்?" என்றுதான் கேட்கிறார்கள். மரக்கப்பல்களுக்கு ஆயுள் அதிகம். இடையிடையே பழுது பார்ப்பார்கள், பலகை மாற்றுவார்கள், கேப்டன் மாறுவார், கடற்படையின் ஆணை மாறும். ஒவ்வொன்றோடும் நிறமும் மாறும்.

விக்டரியையே எடுத்துக்கொள்வோம். 1759-ல் சாத்தம் கப்பல் கட்டுந்துறையில் அடிமரம் போடப்பட்டு, 1765 மே 7 அன்று நீரில் இறங்கியது. அப்போது அதன் பின்புறத்தில் திறந்த மாடங்கள் இருந்தன. முகப்பில் அடுக்கடுக்கான சிற்பங்கள் கொண்ட பெரிய சிலைத் தொகுதி. அந்தக் காலத்துக் கப்பல்களின் பக்கப் பலகைகளுக்குப் பிசின் கலந்த மெருகு பூசி, மரத்தின் நிறம் தெரியும்படி விடுவது பரவலான வழக்கம். 1800 முதல் 1803 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் பின்மாடங்கள் மூடப்பட்டன. முகப்புச் சிற்பமும் மாறி, அரச முத்திரையைத் தாங்கும் இரண்டு சிறகுக் குழந்தைகள் வந்தார்கள். ஒருவனின் தோளில் சிவப்புத் துணி, மற்றவனுக்கு நீலம். கறுப்பு உடலில் பீரங்கித் தளங்களை ஒட்டி மஞ்சள் பட்டை ஓட, பீரங்கித் துவாரங்களின் மூடிகளுக்குக் கறுப்பு அடிக்கும் முறையும் இந்தக் கட்டத்துக்கு உரியது. மூடிகளைச் சாத்தினால் பக்கவாட்டில் சதுரங்கக் கட்டம் தெரியும். 'நெல்சன் கட்டம்' என்று பின்னால் பெயர் பெற்ற கோலம் இதுதான்.

மூன்றாவது கோலம் போருக்குப் பிறகு வந்தது. டிரஃபால்கரை அடுத்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படையில் மஞ்சள் பட்டை படிப்படியாக வெள்ளைக்கு இடம் கொடுத்தது. அந்தக் கறுப்பு வெள்ளைத் தோற்றத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் ஹெச்.எம்.எஸ். திருகோணமலை மிதந்துகொண்டிருக்கிறது. இலங்கைத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய இந்தப் போர்க்கப்பலை பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கைவினைஞர்கள் தேக்கு மரத்தால் கட்டினார்கள். 1817 அக்டோபரில் நீரில் இறங்கிய இதன் மாதிரிக்கு நெல்சன் மஞ்சளைப் பூசினால் பொருந்தாது.

அமெரிக்காவில் இதே குழப்பம் எதிர்ப்பக்கமாக நடக்கிறது. பாஸ்டனில் நிற்கும் யு.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷனின் பக்கத்தில் இன்று வெள்ளைப் பட்டை ஓடுகிறது. சுற்றுலாப் பயணி எடுக்கும் புகைப்படத்திலும் வெள்ளைதான். ஆனால் அது பெயர் வாங்கிய 1812-ம் ஆண்டுப் போரை மாதிரியில் காட்ட வேண்டுமானால் பட்டை காவி மஞ்சளாக இருக்க வேண்டும். இதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. அக்கப்பலின் மாலுமிகளே அந்தக் காலத்தில் செய்த ஒரு மாதிரியை கேப்டன் ஐசக் ஹல் அமெரிக்காவின் சேலம் நகரத்துக் கடலோடிகள் சங்கத்துக்குக் கொடுத்தார். அது இன்றும் அங்குள்ள பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிடங்கில் என்ன சரக்கு இருந்தது?

வருஷம் முடிவானதும் அடுத்த கேள்வி: அந்த வருஷத்தில் கப்பல் துறையின் கிடங்கில் என்னென்ன நிறமிகள் இருந்தன? இன்றுபோல அட்டையைப் புரட்டி ஆயிரம் நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி அன்று கிடையாது. மஞ்சள் காவிமண், செங்காவி, விளக்குப் புகைக்கரி, ஈய வெள்ளை ஆகியவற்றை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துக் குழைத்தால் கப்பலின் பெரும்பகுதிக்குப் பூச்சு தயார். நூறு பீரங்கிகள் கொண்ட கப்பலின் மேற்பரப்பு மிகப் பெரியது. உப்புக் காற்றும் வெயிலும் அரித்துவிடுவதால் அடிக்கடி பூசவும் வேண்டும். மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பதைத்தான் கடற்படை வாங்கும்.

விக்டரியின் 'பிங்க்' இங்கேதான் பிறக்கிறது. காவிமண்ணில் மஞ்சளைத் தருவதும் சிவப்பைத் தருவதும் இரும்புச் சேர்மங்களே. மண் தோண்டிய இடத்தையும் சுட்ட பக்குவத்தையும் பொறுத்து மஞ்சள் காவியில் சிவப்புச் சாயல் ஏறும். அதில் ஈய வெள்ளையைத் தாராளமாகக் கலந்தால் கிடைப்பது பூவரசம்பூ மஞ்சள் அல்ல. தோல் நிறத்தை ஒட்டிய வெளிர் மஞ்சள்.

பீரங்கித் தளத்தின் உட்சுவர்களுக்குச் சிவப்பு ஏன் என்று கேட்டால், ரத்தம் தெறித்தால் தெரியாமல் இருக்க என்ற கதையைச் சொல்லாத வழிகாட்டி அபூர்வம். கேட்கச் சுவையான கதை. ஆனால் செங்காவி சந்தையில் கிடைத்த மிக மலிவான, வெயிலுக்கும் உப்புக்கும் எளிதில் வெளுக்காத நிறமி என்பது அதைவிட நேரான காரணம். சிவப்பு நிலையாகவும் இருக்கவில்லை. டிரஃபால்கர் காலத்துக்குள் பல கப்பல்களின் உட்புறம் மஞ்சளுக்கோ மங்கிய வெள்ளைக்கோ மாறத் தொடங்கியிருந்தது. போரின் ரத்தம் மட்டும் குறைந்துவிடவில்லை.

நீலத்துக்கு வந்தால் நாட்காட்டியே நீதிபதி. பிரஷ்யன் நீலம் 1706-ஐ ஒட்டி பெர்லினில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கப்பலில் அந்த ஆழ்ந்த நீலத்தைப் பூச வழியில்லை. ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் கல்லை அரைத்து எடுத்த நீலம் ஓவியர்களுக்கே கட்டுபடியாகாத விலை. கப்பல் பலகைக்கு யார் பூசுவார்கள்? செயற்கை முறையில் அதைத் தயாரிக்க 1820-களின் பிற்பகுதி ஆயிற்று. தூய வெள்ளையும் அப்படித்தான். இன்று நாம் காணும் டைட்டானியம் வெள்ளை 20-ம் நூற்றாண்டின் சரக்கு. ஈய வெள்ளை எண்ணெயோடு சேர்ந்து சில மாதங்களிலேயே பால் ஆடை நிறத்துக்கு வந்துவிடும். 1817-ம் ஆண்டுக் கப்பலின் பட்டையில் பற்பசை வெள்ளை இருந்தால் அது காலப்பிழை.

தங்கத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். முதலாம் சார்லஸ் மன்னர் 1637-ல் நீரில் இறக்கிய சாவரின் ஆஃப் தி சீஸ் கப்பலில் கறுப்புப் பின்னணியில் சிற்பமெல்லாம் தங்க முலாம். டச்சுக்காரர்கள் அதைத் தங்கப் பிசாசு என்றே அழைத்தார்கள். அந்த ஆடம்பரச் செலவு தொடரவில்லை. 1703-ல் இங்கிலாந்தின் கடற்படை ஆணையமே கப்பல் சிற்பங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 18-ம் நூற்றாண்டுக் கப்பல்களில் தங்கம் போலத் தோன்றுவதில் பெரும்பகுதி மஞ்சள் பெயின்ட்தான். மாதிரியில் உலோக மினுமினுப்புள்ள தங்கப் பெயின்ட்டை அப்பினால் கப்பல் கல்யாண மேடைச் சாமானாகிவிடும்.

சாட்சிகளும் குறுக்கு விசாரணையும்

நிறத்துக்கு ஆதாரமாக முதலில் எல்லோரும் புரட்டுவது பழைய ஓவியங்களை. வில்லெம் வான் டி வெல்டே என்ற ஒரே பெயர் கொண்ட டச்சுத் தந்தையும் மகனும் 1672-73 குளிர்காலத்தில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து இரண்டாம் சார்லஸ் மன்னரிடம் ஆண்டுக்கு ஆளுக்கு நூறு பவுண்டு சம்பளத்தில் வேலை பார்த்தார்கள். கயிறு, கண்ணி, சிற்பம் எல்லாவற்றையும் எண்ணி வரைந்தவர்கள். ஆனால் தந்தையின் புகழ்பெற்ற படைப்புகள் வெள்ளைப் பரப்பில் பேனா மையால் வரைந்தவை. வடிவத்துக்கு அவற்றை மிஞ்சிய சாட்சி இல்லை. நிறத்தைப் பற்றி அவை வாயே திறப்பதில்லை.

எண்ணெய் ஓவியங்கள் வாய் திறக்கும், ஆனால் வார்னிஷ் வழியாக. வயதான வார்னிஷ் பழுப்பேறும்போது வெள்ளை மஞ்சளாகவும் நீலம் பச்சையாகவும் தெரியும். ஓவியரின் நோக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓவியர் டர்னர் 1805 டிசம்பரில், விக்டரி நாடு திரும்பிய கையோடு நேரில் போய்க் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகளுக்கு மதிப்பு அதிகம். நான்காம் ஜார்ஜ் மன்னருக்காக 1824-ல் அவர் முடித்த டிரஃபால்கர் பெருஓவியமோ போரின் வெவ்வேறு நேரத்துக் காட்சிகளை ஒன்றாகக் குவித்தது. கடற்படைக்காரர்கள் அதில் ஏகப்பட்ட குறை கண்டார்கள்.

புகைப்படம் பொய் சொல்லாது என்று நினைத்தால் இங்கே ஏமாற்றம்தான். 1851-ல் வந்த ஈரக் கொலோடியன் முறைத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். மஞ்சளும் சிவப்பும் அதில் கறுத்துப்போகும், நீலம் வெளுத்துப்போகும். 19-ம் நூற்றாண்டுக் கப்பலின் புகைப்படத்தில் கறுப்பாகத் தெரியும் பட்டை உண்மையில் காவி மஞ்சளாக இருக்கலாம். வெள்ளை என்று தோன்றும் படகு இளநீலமாக இருக்கலாம். எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாக வாங்கும் தகடுகள் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சந்தைக்கு வந்தன.

அதனால்தான் கப்பலின் உடம்பையே கேட்பது நல்லது. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த பழைய வீட்டுச் சுவரைச் சுரண்டினால் வருஷங்கள் அடுக்கடுக்காகத் தெரியும் அல்லவா, அப்படித்தான் மரக்கப்பலின் பலகையும். ஆய்வாளர்கள் மரத்திலிருந்து பூச்சை மிளகளவுகூட இல்லாத துணுக்காகப் பெயர்த்தெடுக்கிறார்கள். அதை ரெசினில் பதித்து, குறுக்கே தேய்த்து மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். அடிப்பூச்சு, அதன்மேல் படிந்த அழுக்கு, அடுத்த பூச்சு என்று கோடுகள் வரிசையாகத் தெரியும். பிறகு எக்ஸ் கதிர் கொண்டு தனிமங்களைப் பார்ப்பார்கள். இரும்பு இருந்தால் காவி. பாதரசம் இருந்தால் சாதிலிங்கச் சிவப்பு. ஈயம் நிறைந்திருந்தால் ஈய வெள்ளை. எந்த அடுக்கு எந்த ஆண்டுக்கு உரியது என்பதைப் பழுதுபார்ப்புப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு முடிவு செய்கிறார்கள். விக்டரியின் 2015 நிறம் இப்படிப்பட்ட ஆய்வின் அடிப்படையில் வந்தது.

இந்த வேலையில் கிடைத்த மிகப் பெரிய தலைகீழ்த் திருப்பம் ஸ்வீடனின் வாசா. இரண்டாம் கஸ்டாவ் அடால்ஃப் மன்னருக்காகக் கட்டிய அந்தப் போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் தன் முதல் பயணத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் கவிழ்ந்தது. 1956-ல் ஆண்டர்ஸ் ஃபிரான்சென் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். 1961 ஏப்ரல் 24 அன்று நீர்மட்டத்துக்கு மேல் கொண்டுவந்தார்கள். 333 ஆண்டு கடலடியில் கிடந்ததால் நூற்றுக்கணக்கான சிற்பங்களும் கருத்த ஓக் மரமாகவே வெளிவந்தன. ஆரம்பத்தில் நிபுணர்கள் நீலப் பின்னணியில் தங்கச் சிற்பங்கள் என்று அனுமானித்தார்கள். மாதிரிகளும் அந்த நிறத்திலேயே செய்யப்பட்டன. பிறகு சிற்பங்களின் மடிப்புகளிலும் இடுக்குகளிலும் ஒட்டியிருந்த துணுக்குகளைச் சோதித்தபோது பின்னணி சிவப்பு என்று தெரிந்தது. சிற்பங்களும் தங்கக் கட்டிகளாக இல்லை. தோலுக்குத் தோல் நிறம், உடைக்குப் பச்சை, நீலம், சிவப்பு என்று திருவிழாக் கூட்டமாக இருந்திருக்கிறார்கள். வாசா அருங்காட்சியகத்தில் நிற்கும் பத்தில் ஒரு பங்கு அளவு மாதிரியில் இன்று அந்த நிறங்களைப் பார்க்கலாம்.

நீர்க்கோட்டுக்குக் கீழே

மாதிரிக் கப்பலில் அதிகம் தவறு நடக்கும் இடம் கண்ணில் படாத அடிப்பகுதி. மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவிடமிருந்து காக்க ஐரோப்பியர்கள் விதவிதமாகப் பூசிப் பார்த்தார்கள். திமிங்கில எண்ணெய், பைன் பிசின், கந்தகம் கலந்த பூச்சுக்கு வெள்ளைச் சரக்கு என்று பெயர். நிறமோ அழுக்கு வெண்ணெய். தாரும் கீலும் கலந்தது கருஞ்சரக்கு. அதில் கந்தகம் சேர்த்தால் பழுப்பு. 17-ம் நூற்றாண்டுக் கப்பலின் அடியில் செம்புத் தகடு ஒட்டியிருந்தால் அது நூறு வருஷம் முந்திப் பிறந்த செம்பு.

பிரிட்டிஷ் கடற்படை 1761-ல் ஹெச்.எம்.எஸ். அலார்ம் கப்பலில் செம்புத் தகட்டைச் சோதித்துப் பார்த்தது. புழு அண்டவில்லை, ஆனால் உப்பு நீரில் செம்பும் இரும்பும் ஒட்டியிருந்ததால் இரும்பு ஆணிகள் மளமளவென்று அரித்துப்போயின. அந்தச் சிக்கலைச் சமாளித்து மொத்தக் கப்பற்படைக்கும் தகடு அடிக்கத் தொடங்கியது 1779-க்குப் பிறகு. விக்டரிக்கு 1780-ல் வந்தது. தகடு அடித்த புதிதில் செப்புக் குடம்போலப் பளபளக்கும். கடலில் இறங்கியபின் பழுப்பாகி, காற்றும் நீரும் மாறிமாறிப் படும் நீர்க்கோட்டை ஒட்டி வெளிர் பச்சைக் களிம்பு பிடிக்கும். அடிமுதல் நுனிவரை பச்சையடிப்பது கோயில் கலசத்துக்குப் பொருந்தலாம். கடலோடும் கப்பலுக்குப் பொருந்தாது.

தேயிலைக் கப்பல் கட்டி சார்க் இன்னொரு பொறி. 1869-ல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் இறங்கி இன்று லண்டன் கிரீனிச்சில் நிற்கும் இதன் அடிப்பகுதிக்குச் செம்பு பூசுகிறவர்கள் உண்டு. ஆனால் அதில் அடித்திருந்தது மன்ட்ஸ் உலோகம். பர்மிங்காமின் ஜார்ஜ் மன்ட்ஸ் 1832-ல் காப்புரிமை பெற்ற இந்தக் கலவையில் ஏறக்குறைய 60 பங்கு செம்பு, 40 பங்கு துத்தநாகம். செம்பைவிட விலை குறைவு. நிறம் பித்தளை மஞ்சள்.

பாய்மரத்துக்கும் கயிற்றுக்கும் கூட ஆதாரம் பார்க்க வேண்டும். எதிரிக் கப்பல்களின் பாய்மரங்களைச் சுற்றிய இரும்பு வளையங்கள் கறுப்பு என்பதால், தன் கப்பல்களின் வளையங்களுக்கு வெளிர் நிறம் அடிக்கும்படி டிரஃபால்கருக்கு முன் நெல்சன் ஆணையிட்டார். புகைமூட்டத்தில் கொடி அறுந்து விழுந்தாலும் நம்ம ஆள் யார் என்று மாலுமி பாய்மரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். விக்டரி மாதிரியில் கறுப்பு வளையம் போட்டால் அது பிரெஞ்சுப் பக்கம் சேர்ந்துவிடும். பாய்மரத்தைத் தாங்கும் நிலையான கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள். பைன் மரத் தார் என்பதால் நிறம் கன்னங்கரேல் அல்ல, கரும்பழுப்பு. பாயை ஏற்றி இறக்க இழுக்கும் கயிறுகள் வெளிறிய சணல் நிறம். பாயும் வேட்டி வெள்ளை அல்ல; வெளுக்காத ஆளிநார்த் துணி.

மேசைக்கு வரும்போது

இத்தனையும் தேடிச் சரியான காவியைக் கலந்து பூசிவிட்டுப் பார்த்தால் மாதிரி ஏனோ பொம்மையாகத் தெரியும். அளவு மாறும்போது நிறமும் மாறுவது ஒரு காரணம். 1:72 மாதிரியை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது நிஜக் கப்பலை 72 மீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் காற்றின் மங்கலில் கறுப்பு சற்றுச் சாம்பலாகும், பளிச்சென்ற நிறம் அடங்கும். எனவே மாதிரிக்காரர்கள் கறுப்புக்குப் பதில் அடர்சாம்பலும், மற்ற நிறங்களில் பத்து, பதினைந்து சதவீதம் வெள்ளையும் கலக்கிறார்கள். இது அறிவியல் விதி இல்லை, கண்ணளவுக் கணக்கு. அருகில் வைத்து ரசிக்கும் பெரிய மாதிரிக்குக் குறைவாகவும், உள்ளங்கையளவு மாதிரிக்குக் கூடுதலாகவும் சேர்ப்பது வழக்கம்.

பூச்சின் தடிமனும் காட்டிக்கொடுக்கும். 1:72 அளவில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் பெயின்ட் என்பது நிஜக் கப்பலில் ஏழு மில்லிமீட்டர் அப்பியதற்குச் சமம். சிற்பத்தின் மூக்கும் விரலும் அதில் மூழ்கிவிடும். ஆகவே நீர்க்கத் தண்ணீர் சேர்த்த அக்ரிலிக்கைப் பல மெல்லிய கைகளாகப் பூசுகிறார்கள். பளபளப்பும் வேண்டாம், சுண்ணாம்புபோன்ற மொரமொரப்பும் வேண்டாம். எண்ணெய்ப் பூச்சு சில மாதம் வெயில் தின்றபின் தெரியும் அடங்கிய மினுக்கம் போதும்.

கடைசிச் சோதனையை மாதிரியில் செய்யாமல் தனிப் பலகைத் துண்டில் செய்வது நல்லது. சில நிறக் கலவைகள் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மாதிரியும் எல்.இ.டி. விளக்கில் வேறு மாதிரியும் காட்டும். விக்டரியின் வெளிர் மஞ்சள் இந்த விஷயத்தில் குறும்பு பிடித்தது: மஞ்சள் பல்பில் பழைய ஆரஞ்சுக்கே திரும்பிவிடும், நீலம் கலந்த வெள்ளை விளக்கில் பிங்க் மறைந்து சாம்பலாகும். கப்பல் எந்த அலமாரியில் நிற்கப்போகிறதோ அங்கே, அந்த விளக்கின் கீழ், துண்டுப் பலகையை இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம். கலவை மனசுக்குப் பிடித்தால் எத்தனை சொட்டு மஞ்சளுக்கு எத்தனை சொட்டு வெள்ளை என்று பலகையின் பின்பக்கமே எழுதி, மீந்ததை ஒரு சிறு புட்டியில் இறுக்கி மூடி வைத்துக்கொள்கிறார்கள். கயிறு கட்டும்போது நகம் பட்டுப் பெயர்ந்த இடத்தைத் தொட்டுச் சரிசெய்ய அந்தப் புட்டி நிச்சயம் வேண்டியிருக்கும்.